பாவாயியின் குளியல்

காஜா பேராங், மலாக்கா
14-3-1959

அன்புள்ள அம்மாவுக்கு, சாந்தநாயகி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? தம்பி தைலம் வாங்கித் தந்தானா?

என் நெற்றியில் சின்ன வீக்கம், பயப்பட ஒன்றுமில்லை. நான் வேலை பார்க்கும் முதியோர் விடுதியில் பாவாயி என்று ஒருவர், ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். குளிக்க அழைத்தால் அடிப்பார். வியாழனன்று தகரக் குவளை என்மேல் பறந்தது. மறுநாள் டாக்டர் வந்தால் அவரைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்ப எழுதிவிடுவார் என்றார்கள் ஆயாக்கள்.

அன்று மாலை அவர் அருகில் உட்கார்ந்து, "ஏன் ஆத்தா, தண்ணின்னா பயமா?" என்று கேட்டேன்.

"தண்ணிக்கு என்ன பயம்? பொட்டுத் துணியில்லாம நிக்க வெக்கிறீங்க. நீ நிப்பியா?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று அந்த விதியைப் போட்டதே நான்தான். வெள்ளி காலை மார்புக்கு மேல் கைலியைக் கட்டிக்கொள்ளச் சொல்லி, குவளையை அவர் கையிலேயே கொடுத்தேன். அரைமணி நேரம் குளித்தார்.

"தொட்டியக் காலி பண்ணிட்டீங்களே ஆத்தா" என்றாள் ஆயா அஸ்மா.

"உன் வாயக் கழுவ ரெண்டு குவளை மிச்சம் வெச்சிருக்கேன்."

பிறகு என் பக்கம் முதுகைத் திருப்பி, "தேய்ச்சு விடு" என்றார். தேய்த்தேன். டாக்டர் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் எழுதாமல் போனார். இனி எல்லோருக்கும் கைலிக் குளியல்தான்.

யாராவது கப்பல் ஏறினால் சீயக்காய்த்தூள் கொடுத்தனுப்புங்கள், இரண்டு பேருக்கு ஆகும்படி. தபால்காரர் வாசலில் நிற்கிறார். உங்களுக்கு இப்போது யார் முதுகு தேய்த்துவிடுகிறார்கள்? அதை மட்டும் மறக்காமல் எழுதுங்கள்.

உங்கள் மகள்,
சாந்தநாயகி