முழங்கைப் பிடி

மார்ச் 4, செவ்வாய்

இன்று மானம் போனது. ஆஸ்பத்திரி கேட்டில் காவலுக்குச் சேர்ந்த நாள் முதல், காலை ஒன்பது மணிக்கு நரைத்த தாடியும் தோல் பையுமாக ஒருவர் வருவார். பெரிய டாக்டர் என்று நானே முடிவு செய்துகொண்டு, இரண்டு மாதமாகக் குதிகால் அதிர சல்யூட் அடித்துவந்தேன். அவரும் தலையை லேசாக அசைத்துவிட்டு உள்ளே போவார். இன்று மதியம் பார்த்தால் மனிதர் வராந்தாவில் ஏணி மேல் நின்று ஏ.சி.யைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்.

"முன்னாடியே சொல்லக் கூடாதா சார்?" என்றேன்.

"நல்லா இருந்துச்சு, விட்டுட்டேன். எங்க வீட்ல நான் வந்தா யாரும் டி.வி. சத்தத்தக்கூடக் குறைக்க மாட்டாங்க."

பதினேழு வருடம் ராணுவத்தில் இருந்தவன் ஆளை எடை போடும் லட்சணம் இது. வீட்டில் சொன்னதும் மனைவி தையல் மிஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். மகள் சிரித்த சிரிப்புக்குப் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

மார்ச் 9, ஞாயிறு

கல்லூரி பஸ்ஸில் மகளுக்கு ஏதோ தொல்லை. விவரம் சொல்ல மாட்டேன் என்கிறாள். சரி என்று கூடத்தில் நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு முழங்கைப் பிடி சொல்லிக் கொடுத்தேன். எதிராளி கையை நீட்ட வேண்டும், அதுதான் கணக்கு. நீட்டிய கையைத் திருப்பி, முழங்கை மேல் நம் பாரத்தை இறக்கினால் எப்பேர்ப்பட்டவனும் மண்டி போடுவான். மூன்றாவது முறையே என்னை மண்டி போட வைத்துவிட்டாள். எழுந்திருக்க மனைவி கை கொடுக்க வேண்டியிருந்தது.

"இத நிஜமா யார் மேலயாவது போட்டிருக்கீங்களாப்பா?"

"ஒரே ஒருத்தன் மேல."

"எப்படி இருந்தான்?"

"மலை மாதிரி. ஆறரை அடி. கதவுல குனிஞ்சுதான் வருவான்."

"போன தடவை கேட்டப்ப ஆறடின்னீங்க" என்றாள் மனைவி.

"அப்புறம் வளந்திருப்பான்."

மார்ச் 22, சனி

விரல் முட்டியில் இன்னும் ரத்தம் கசிகிறது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

எங்கள் வார்டுக்குக் காலையில் ஒரு மணி நேரம்தான் குழாயில் தண்ணீர். தெருமுனைக் குழிக்குள் வால்வு. வால்வுக்காரர் நீளமான இரும்புச் சாவியை உள்ளே விட்டுத் திருப்பினால் வரும். அந்த ஒரு மணி நேரமும் வராமல் இருந்தால் தண்ணீர் லாரி முதலாளிக்குக் கொண்டாட்டம். இரண்டு மாதமாக வால்வுக்காரரை மிரட்டிவந்தான். இன்று மூன்று பேரை அனுப்பிவிட்டான்.

நான் இரண்டு குடத்தோடு வரிசையில் ஒன்பதாவது ஆள். வால்வுக்காரரை அவருடைய சாவியாலேயே அடித்தார்கள். கணுக்காலுக்கு மேல் விழுந்த அடி வரிசையின் கடைசிவரை கேட்டது. அவர் கத்தவில்லை. குழிக்குள் பாதி விழுந்தபடி, "திறந்துட்டேன், திறந்துட்டேன்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

குடங்களை எப்போது கீழே போட்டேன் என்று தெரியாது. முதல் ஆளைத் தொண்டையில். இரண்டாமவன் தலையைக் குழி மூடியில் இரண்டு தடவை — ஒரு தடவையே போதுமாயிருந்தது. மூன்றாமவன் லாரி டிரைவர், இருபத்திரண்டு வயது இருக்கும். அவன் ஓடினான். துரத்திப் பிடித்து, சட்டையைப் பற்றித் தரதரவென்று இழுத்துவந்து, குழிக்குப் பக்கத்தில் வைத்து அடித்தேன். பல் ஒன்று என் விரல் முட்டியில் குத்தி நின்றது.

ஓடுகிறவனை எதற்குத் துரத்தினேன்?

நிமிர்ந்து பார்த்தால் வரிசை முழுக்கக் கைதட்டுகிறது. மாடிப்படியில் நின்று மகளும் தட்டிக்கொண்டிருந்தாள். பயந்து அழுதிருந்தாலாவது சமாதானம் சொல்லியிருப்பேன்.

மார்ச் 23, ஞாயிறு

பேனா பிடிக்க முடியவில்லை. விரல் கத்தரிக்காய் மாதிரி வீங்கியிருக்கிறது.

மார்ச் 30, ஞாயிறு

வீட்டில் கூட்டம். ஊன்றுகோலோடு வால்வுக்காரர், ஏ.சி.க்காரர், தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர். வார்டு தேர்தலில் நான் நிற்க வேண்டுமாம். லாரி முதலாளியின் மச்சான் ஏற்கனவே நிற்கிறான்.

"நான் எதுக்குங்க? எனக்கு என்ன தெரியும்?"

"அடிக்கத் தெரியுமே மிலிட்டரி, அது போதும்" என்றாள் எதிர்வீட்டு அக்கா.

அந்தப் பதில் முள்ளாகக் குத்தியது. மூன்று பேரின் ரத்தத்தைப் பார்த்துவிட்டு எனக்கு ஓட்டுப் போடுவார்கள் என்றால், நாளைக்கு இன்னும் நன்றாக அடிக்கிறவன் வந்தால் அவனுக்குப் போடுவார்கள். ஒரு நிபந்தனை வைத்தேன். இனி நான் கை ஓங்க மாட்டேன். யார் யாரை அடித்தாலும், நம் ஆளாக இருந்தாலும், போலீஸில் புகார். என் மேலான புகாரிலிருந்தே தொடங்குவோம் என்று, அந்த மூன்று பேரை நான் அடித்ததை மாலையே போய் எழுதிக் கொடுத்தேன். ஏட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "காலைல சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார்.

"தப்பு நம்பர்ல போன் வந்தாலே பத்து நிமிஷம் மன்னிப்பு கேக்குற ஆளு. நீங்க எப்படிங்க மேடையில பேசுவீங்க?" என்றாள் மனைவி. மகள் மட்டும் என் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 5, சனி

சின்னம் குடை. ஏணி கிடைக்கவில்லை என்று ஏ.சி.க்காரருக்கு மனக்குறை.

ஏப்ரல் 11, வெள்ளி

நாங்கள் நோட்டீஸ் கொடுக்கப் போயிருந்தபோது லாரி முதலாளியின் ஆட்கள் வீட்டுக்குள் புகுந்துவிட்டார்கள். ஜன்னல் கண்ணாடி ஒன்றுகூட மிச்சமில்லை. தையல் மிஷினைச் சம்மட்டியால் அடித்து, தைக்கக் கொடுத்திருந்த பள்ளிச் சீருடைகள் மேல் டீசலை ஊற்றியிருக்கிறார்கள். தீக்குச்சி மட்டும் போடவில்லை. அடுத்த முறைக்கென்று வைத்திருப்பார்கள்.

மனைவி மிஷினின் சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். "புகார்தானே? வாங்க, நானும் வரேன்" என்று எழுந்தாள்.

மகள் கண்ணாடியைக் கூட்டித் தள்ளிக்கொண்டே கேட்டாள்: "நீங்க ஒரே ஒரு தடவை அந்த லாரி ஸ்டாண்டுக்குப் போனாப் போதும்பா. ஏன் போக மாட்டேங்கிறீங்க?"

ஏப்ரல் 13, ஞாயிறு

இன்று அடி வாங்கினேன். கடைத்தெருவில், பட்டப்பகலில், குடைப் படம் போட்ட நோட்டீஸோடு.

டிரைவரும் நான்கு பேரும். அவனுக்கு முன்பல் இடத்தில் ஓட்டை; அது என் கைவேலை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன், பரேடில் நிற்பதுபோல. அப்படி நின்றால்தான் கை சும்மா இருக்கும். முதல் அறையில் காது அடைத்தது. அப்புறம் விலாவில். மண்டியிட்டதும் காலால். "அடிடா மிலிட்டரி, அடிடா" என்று அவனே கெஞ்சுவதுபோல் கேட்டான். என் ஒரு விரல் மற்றொரு விரலை இறுக்கிக்கொண்டிருந்தது. ரத்தம் கண்ணுக்குள் இறங்கி, கடைத்தெருவே சிவப்பாகத் தெரிந்தது.

கை பின்னால் கட்டியிருக்கும்போது அடி வாங்குவது எப்படி இருக்கும் என்று இத்தனை வருடத்துக்குப் பிறகு இன்றுதான் — வேண்டாம்.

தையல் ஆறு. எங்கள் ஆஸ்பத்திரியிலேயே போட்டார்கள். உண்மையான பெரிய டாக்டரை இன்றுதான் பார்த்தேன். சின்னப் பெண், கேட்டில் ஒரு நாள்கூட நான் சல்யூட் அடித்ததில்லை.

மகள் இரண்டு கடை தள்ளி நின்று பார்த்திருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் ஒரே வார்த்தை. "சும்மா நின்னீங்கப்பா." அறைக்குள் போய்விட்டாள்.

ஏப்ரல் 17, வியாழன்

நான்கு நாளாக அவள் பேசவில்லை. சாப்பிடக் கூப்பிடுவதும் அவள் அம்மா வழியாகத்தான்.

ஏப்ரல் 24, வியாழன்

மாலை நான்கு மணி, கேட்டில் டியூட்டி. ஆட்டோ ஒன்று ஹாரனை அழுத்தியபடியே வந்தது. திறந்துவிட்டேன். உள்ளே அந்த டிரைவர். மூஞ்சியில் உயிரில்லை. வலது கை மடியில் கிடந்தது. முழங்கையிலிருந்து கீழே, கை போக வேண்டிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகப் போயிருந்தது. எலும்பின் முனை தோலைக் கிழித்து வெள்ளையாகத் தெரிந்தது.

அப்படி ஒரு கையை இதற்கு முன் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன்.

டியூட்டியை விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். குளியலறையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மகள் தரையில் உட்கார்ந்திருந்தாள், வாந்தி எடுத்திருந்தாள். கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். விட்டுவிட்டுச் சொன்னாள். லாரி ஸ்டாண்டு வழியாக வந்திருக்கிறாள். "உங்கப்பனுக்கு வளையல் வாங்கித் தரட்டுமா" என்று கையை நீட்டி வழி மறித்திருக்கிறான்.

"நீட்டினாம்பா. நீங்க சொன்ன மாதிரியே நீட்டினான். மண்டி போட்டுட்டான். விடு விடுன்னு கத்தினான். எனக்கு நீங்க அடி வாங்கினதுதான் கண்ணுல... நான் விடலப்பா. சத்தம் கேட்ட பிறகும் விடல."

பிறகு கேட்டாள்: "அந்தச் சத்தம் உங்களுக்கும் கேக்குமா? அந்த மலைக்கும் இப்படித்தான் கேட்டுச்சா?"

"வாயைக் கழுவிட்டு வா" என்றேன்.

பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவன், எங்கே விட வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்கே தெரிந்திருந்தால் அல்லவா?

ஏப்ரல் 25, வெள்ளி

காலையில் மகளே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். "யார் அடிச்சாலும்னுதானே நோட்டீஸ்ல போட்டிருக்கீங்க?"

மூன்று பேருமாகப் போனோம். இன்ஸ்பெக்டர் பேனாவை மூடிவைத்துவிட்டார். "ஓட்டுக்கு இன்னும் ரெண்டு நாளு. சொந்தப் பொண்ணு மேல கம்ப்ளெயிண்டா? உங்களுக்கு ஓட்டுப் போட்டா ஊரையே உள்ள தள்ளிடுவீங்க போலிருக்கே!"

எழுதித்தான் ஆக வேண்டும் என்றேன். ஏட்டை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ஏட்டு அரை மணி நேரத்தில் சிரித்துக்கொண்டே வந்தார். பைக்கிலிருந்து விழுந்ததாக எழுதச் சொல்லி, டிரைவர் கையெழுத்துக்குப் பதில் இடது கைப் பெருவிரல் ரேகை வைத்துவிட்டானாம். ஒரு பெண் கையை உடைத்தாள் என்று சொல்வதைவிட அவனுக்கு அது மேல்.

வழக்கு இல்லை. திரும்பும் வழியில் மகளின் கையைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தேன். விருட்டென்று இழுத்துக்கொண்டாள். கோபமில்லை, யாரும் தன் கையைத் தொட வேண்டாம் என்றாள்.

ஏப்ரல் 29, செவ்வாய்

ஜெயித்துவிட்டேன். முப்பத்தொரு ஓட்டு வித்தியாசம்.

தெருவில் தூக்கிவைத்து ஆடினார்கள். எதிர்வீட்டு அக்கா காதில் சொன்னாள்: "பொண்ணு ஒடிச்சாளே ஒரு கை, அதுலயே அம்பது ஓட்டு விழுந்துச்சு மிலிட்டரி." நான் கைகட்டி நின்றதற்கு எத்தனை விழுந்தது என்று கேட்க வாய் வரவில்லை. முப்பத்தொன்றில் ஐம்பதைக் கழித்தால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். அவ்வளவு படித்திருக்கிறேன்.

ஜூன் 12, வியாழன்

வார்டு அலுவலகம் என்பது ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு தண்ணீர்க் குடம். ஏ.சி.க்காரர் காலையில் வாசலில் நின்று குதிகால் அதிர எனக்கு சல்யூட் அடித்தார். "ரெண்டு மாசக் கடன் இருக்கு, தினமும் வருவேன்" என்றார். இரண்டு வாரமாகக் குழாய்த் தண்ணீர் தவறாமல் வருகிறது. வால்வுக் குழிக்கு இரும்புக் கதவும் பூட்டும் போட்டாயிற்று. வால்வுக்காரர் நொண்டிக்கொண்டே போய்த் திறக்கிறார்.

மதியம் அந்த டிரைவர் வந்தான். வலது கை பாதி மடங்கியபடியே நின்றுவிட்டது. லாரி ஓட்ட முடியாதவனை முதலாளி கழற்றிவிட்டான். அவன் சந்துக்கு இன்னும் குழாயே போடவில்லையாம். அவன் அம்மா அரை மைல் சுமக்கிறாள். எத்தனை வருடம் அந்த லாரியையே ஓட்டியவன்! மனு எழுத வேண்டும். பேனாவை எடுத்து இடது கையில் வைத்துப் பார்த்தான், கீழே வைத்துவிட்டான். நானே எழுதினேன்.

அந்த நேரம் பார்த்து மகள் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். இருவரும் பார்த்துக்கொண்டார்கள். அவன்தான் முதலில் தலையைக் குனிந்தான்.

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமாங்க?" என்றான் என்னிடம்.

டம்ளரில் மொண்டேன். அவன் நல்ல கையை நீட்டினான். என்னால் முடியவில்லை. டம்ளரோடு அப்படியே நின்றேன். தண்ணீர் தளும்பி மனு மேல் சிந்தியது. மகள் என் கையிலிருந்து டம்ளரை வாங்கி அவனிடம் கொடுத்தாள். அவன் குடித்து முடிக்கும்வரை நின்று, காலி டம்ளரை வாங்கி வைத்தாள். மனுவைத் திரும்ப எழுதினேன்.

வீட்டுக்கு நடக்கும்போது வெகு நேரம் கழித்துக் கேட்டாள்.

"அப்பா, அந்த மலைக்குக் கை சரியாயிடுச்சா?"

"மலையாச்சே. அவனுக்கு என்ன வந்துடப் போகுது" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நடந்தாள். இன்னொரு தடவை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. கேட்கவில்லை.

அவன் மலை இல்லையம்மா. உன் வயதுதான் இருக்கும். பிடித்துவந்து, கைகளைப் பின்னால் கட்டி முகாமில் உட்கார வைத்திருந்தோம். தண்ணீர் கேட்டான். ஒரு கையை மட்டும் அவிழ்த்துவிட்டேன். அவன் டம்ளருக்காகத்தான் நீட்டினான்.