தடுக்கி விழ வேண்டிய இடம்

ஜூலை 8, செவ்வாய்

ஈக்காட்டுத்தாங்கல் ஆபீஸிலிருந்து மயிலாப்பூர் ஒத்திகைக்குப் போய்ச் சேர ஏழாகிவிட்டது. ராஜரத்தினம் சார் இயக்கம். ஐம்பது வருஷத்துப் பழைய நகைச்சுவை நாடகம். எனக்குச் சமையல்காரி வேஷம். முன்னாள் முதலாளியம்மா கொடுத்த பட்டுப்புடவையில் ஒரு பங்களாவுக்கு வேலை கேட்டு வருகிறாள். வீட்டுக்காரர் அவளைத் தான் எதிர்பார்த்திருந்த பணக்காரச் சம்பந்தியம்மா என்று நினைத்து உபசரிக்கிறார். ஆள் மாறிப்போவதுதான் கதை.

"உள்ள வந்ததும் கம்பளம் தடுக்கி விழணும் ஹானி. அப்புறம் 'இன்னா நைனா, சோபா இப்டி கீது'ன்னு ஒரு இழு."

விழுந்தேன். எல்லாருக்கும் சிரிப்பு. முட்டி வலிக்கிறது.

ஜூலை 9

அம்மா இருபது வருஷம் தி.நகர்ல வீடு வீடாச் சமைச்சாங்க. ஒரு வீட்டுலயும் தடுக்கி விழலை.

ஜூலை 11, வெள்ளி

வசனத்தை மூன்று தடவை படித்தேன். இவள் ஒரு பொய்கூடச் சொல்வதில்லை. "சமைக்கத்தான் வந்தேன் ஐயா" என்கிறாள். என்ன தன்னடக்கம் என்று வீட்டுக்காரர் உருகுகிறார். "சமையக்கட்டு எங்க?" என்கிறாள். சுத்தம் பார்க்கிற பெரிய மனுஷி என்று நடுங்குகிறார். இவள் உண்மையைச் சொல்லச் சொல்ல அவருடைய தப்புக்கணக்கு கெட்டியாகிறது. சிரிப்பு அங்கேதானே இருக்கிறது — புடவையைப் பார்த்து ஏமாறுகிறவரிடம்? பிறகு நான் எதற்கு விழ வேண்டும்?

ஜூலை 13, ஞாயிறு

சொல்லிவிட்டேன். "விழ மாட்டேன் சார். பேச்சையும் இழுக்க மாட்டேன்."

"ஐம்பது வருஷமா அந்த இடத்துல கைதட்டல் வாங்கறோம்மா."

"அவ ஏழைன்னு சிரிக்கிறாங்க சார். ஆள் மாறினதுக்கு இல்ல."

செய்து காட்டச் சொன்னார். செய்தேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. சார் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. பக்கத்து வீட்டுப் பெண்ணாக நடிக்கிற சரண்யாதான் மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, இது ஜோக்குன்னு தெரிஞ்சு சொல்றீங்க. அவளுக்குத் தெரியாதே."

சரி. அது என் தப்பு. ஆனால் விழ மாட்டேன்.

ஜூலை 16

அடுப்பைத் துடைத்தபடியே சொல்லிப் பார்க்கிறேன். சமைக்கத்தான் வந்தேன் ஐயா. அவளுக்கு வேலை வேணும். நிஜமாவே வேணும். அவ்ளோதான்.

ஜூலை 20, ஞாயிறு

முதல் காட்சி. கம்பளத்தின் மேல் நேராக நடந்தேன். பக்கத்திரைக்குப் பின்னால் சார் கையை ஆட்டுகிறார் — விழு, விழு. "சமைக்கத்தான் வந்தேன் ஐயா." அரங்கம் அமைதி. வீட்டுக்காரர் நெஞ்சில் கைவைத்து, "என்ன தன்னடக்கம்" என்று குனிந்து கும்பிட்டார். எங்கோ ஒரு பெண் சிரித்தாள். பிறகு அரங்கமே. அவரைப் பார்த்து. என்னைப் பார்த்து இல்லை.

ஒப்பனை கலைக்கும்போது சார் வந்தார். "சொன்னதைக் கேக்காதவங்க என் குழுவுல வேண்டாம். அடுத்த வாரம் சரண்யா செய்வா."

சரி சார் என்றேன். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். எதுக்குக் கேக்கணும்?

ஜூலை 27, ஞாயிறு

டிக்கெட் வாங்கி அம்மாவோடு ஆறாவது வரிசையில் உட்கார்ந்தேன். சரண்யா பட்டுப்புடவையில் உள்ளே வந்தாள். கம்பளத்துக்கு முன்னால் ஒரு நொடி நின்றாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். நிமிர்ந்து நடந்து போய், "சமைக்கத்தான் வந்தேன் ஐயா" என்றாள்.

வீட்டுக்காரர் கும்பிட்டார்.

அம்மா என் பக்கம் சாய்ந்து, "அதான் வாயைத் திறந்து சொல்றாளே, இந்த ஆளுக்குக் காது கேக்காதா?" என்றாங்க. கேட்டுவிட்டு அவங்களே சிரிக்க ஆரம்பிச்சாங்க. கண்ணில் தண்ணீர் வரும்வரை நிறுத்தவில்லை.