மழை கட்டிய மாப்பிள்ளைக்கு

என் அன்பு மாப்பிள்ளை,

ஊர் முன்னால் உன்னை ‘வாங்க மாப்பிள்ளை’ என்பேன், தனியாக இருந்தால் ‘வாடா’தான். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவனுக்குத் தங்கையைக் கட்டிக்கொடுத்தால் இந்தச் சங்கடம் வரத்தான் செய்யும். மலையடிவாரத்தில், காரவள்ளியில் நம் வீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மலை தெரியவில்லை, மேகம் மூடிக் கிடக்கிறது. நலமா என்று உன்னைக் கேட்க முடியாது. நீ போனதிலிருந்து தங்கை பாவாயி பட்ட பாட்டை உன்னிடம் சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

நீ மிளகு போடத்தான் மலைமேல் பெரக்கரை நாட்டுக்குக் குடியேறினாய் என்று சொந்தபந்தம் எல்லாம் நம்பியது. உண்மை எனக்குத் தெரியும். கீழே ஜின்னிங் மில் ஓடினால் உன் வயர்லெஸ் பெட்டியில் ஒரே இரைச்சல், மேலே போனால் அது இல்லை. அதற்காக என் தங்கையையும் கூட்டிக்கொண்டு மலையேறினாயே, நியாயமா? சர்க்காரிடம் லைசென்ஸ் வாங்கி, தந்திக் கட்டையைத் தட்டி, இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் முகம் தெரியாத ஒரு சிநேகிதரோடு பொழுது சாய்ந்ததும் பேசுவதில் அப்படி என்ன இருந்தது? நான் கேட்டபோதெல்லாம் சிரித்தாய். மலைக் காய்ச்சல் வந்து படுத்த அன்றும் சிரித்தாய்.

அந்தக் கம்பிச் சட்டத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். இரண்டு மரச்சட்டங்களைக் குறுக்கே அடித்து, சுற்றிலும் செப்புக் கம்பியைச் சதுரமாகச் சுற்றி, முக்காலி மேல் திருப்புகிற மாதிரி நிறுத்தி வைத்திருந்தாயே, அது. ‘ஏண்டா, கூரைக்கு மேலே நீளமாக ஒரு கம்பி கட்டினால் போதாதா?’ என்று கேட்டேன். நீளக் கம்பி ஊரிலுள்ள இடிச் சத்தத்தை எல்லாம் கூட்டி வரும் என்றாய். இந்தச் சட்டத்தின் விளிம்பு எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கத்துச் சத்தம் கேட்கும், அகன்ற முகம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் அடங்கிவிடும். விளிம்பைத் தெற்கே இலங்கைக்கு வைத்து, முகத்தை இடிமேகத்துக்குக் காட்டினால் சிநேகிதரின் தட்டல் தெளிவாக வரும். எனக்கே விளங்கும்படி சொன்னாய். ஊருக்குச் சொன்னாயா?

ஊர் தன் கண்ணால் பார்த்ததைத்தான் நம்பியது. மேற்கே கருக்கும்போதெல்லாம் நீ ஓடிப்போய்ச் சட்டத்தின் முகத்தை மேகத்துக்கு நேராகத் திருப்பினாய். சில நாள் மேகம் கலைந்து போனது. ‘மழையைக் கட்டறாரு’ என்று அப்போதே முணுமுணுத்திருக்கிறார்கள். நீ இருந்தவரை உன் முகத்துக்காகப் பேசாமல் இருந்தார்கள்.

நீ போன மறு வருஷம் ஆடி மழை பொய்த்தது. ஆவணியிலும் சாமை காய்ந்து நின்றது. பாவாயிக்கு அடுப்பு மூட்ட நெருப்பு கொடுக்க ஆளில்லை, அவள் ஊற்றடிக்குப் போனால் மற்ற பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டார்களாம். கேள்விப்பட்டு நான் மலையேறி ஓடினேன். அவள் உன் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இளைத்துப் போயிருந்தாள் மாப்பிள்ளை. பார்க்கவே முடியவில்லை.

“கண்ணு, ஊட்டுக்கு வந்துரு. இந்த ஊரு உனக்கு வேண்டாம்” என்றேன்.

“கீழ வந்தா கேக்காதுங்கண்ணா” என்றாள்.

என்ன கேட்காது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. உன் காரியம் முடிந்ததும் நான் இலங்கைச் சிநேகிதருக்கு, நீ போய்விட்டாய் என்று கடிதம் போட்டிருந்தேன். ஆனாலும் அந்த மனிதருக்கு மனம் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் உன்னுடைய வயர்லெஸ் பெயரை ஒரு தடவை தட்டிக் கூப்பிட்டுவிட்டுத்தான் மற்ற பேச்சுக்குப் போகிறாராம். உன் தட்டும் பெட்டியை, உன்னைப்போலவே வயர்லெஸ் வைத்திருக்கும் சேலத்துச் சிநேகிதர் ஒருவர் கொண்டுபோய்விட்டார், உன் லைசென்ஸும் உன்னோடு முடிந்தது. உன் பெயரின் தட்டல் காதுக்குப் பழகியிருந்தாலும் பாவாயியால் பதில் சொல்ல முடியாது, கேட்க மட்டும்தான் முடியும். அதற்கும் அந்தச் சட்டம் வேண்டும். அது இல்லாவிட்டால் இடிச் சத்தத்தில் உன் பெயர் மூழ்கிப்போகும்.

மறுநாள் ஊர்ப்பெரியவர் ஆட்களோடு வந்தார். கெட்டவர் இல்லை, அவர் காடும்தான் காய்ந்து கிடந்தது. “அம்மிணி, அவரு கட்டுனத நீதான் அவுக்கோணும். நாங்க தொட்டா ஆகாது. இல்லீன்னா இந்த ஊர்ல உனக்கு எடம் இல்லீன்னு சனம் சொல்லுது” என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கையை ஓங்கிவிட்டேன். பாவாயி என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு முக்காலிக்கு முன் உட்கார்ந்து, நீ சுற்றிய கம்பியைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்தாள். அழவில்லை. பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் அழுகை வந்தது. கம்பிச் சுருளை அவர்கள் கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சாமி காலடியில் வைத்துவிட்டார்கள்.

அந்த வாரமே மழை கொட்டியது. சொன்னால் நம்பமாட்டாய், மழையைப் பார்த்து அன்றுபோல் நான் என்றுமே வயிறெரிந்ததில்லை. ஊர் பாவாயியிடம் பழையபடி பேசியது, நெருப்பு கொடுத்தது, பலாப்பழம்கூடக் கொண்டுவந்தது. நீ மழை கட்டினவன் என்பது மட்டும் உறுதியாகிவிட்டது. “நான் இருக்க எடம் கெடைச்சுதுங்கண்ணா, அவரு பேருதான் போச்சு” என்றாள். அதற்கு நீயே பதில் சொல்லேன்.

இனித்தான் நீ சிரிக்கப் போகிறாய். வந்த மழை நிற்கவே இல்லை. ஐப்பசி பிறந்து சாமை முற்றியும் அறுக்க முடியவில்லை, கதிரிலேயே முளைவிட ஆரம்பித்துவிட்டது. போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் அங்கே இருக்கும்போது ஊர்ப்பெரியவர் நனைந்துகொண்டே வந்தார். கையில் கம்பிச் சுருள். “சாமிகிட்டக் கேட்டு எடுத்தாந்தேன். இதச் சுத்தி ஒருக்கா மேகத்துக்குக் காட்டி உடு, அம்மிணி. அறுப்பு முடியற மட்டும் மழை நிக்கட்டும்” என்றார்.

சுற்றி வைத்து மழை நிற்காவிட்டால் என்ன சொல்வார்கள்? நின்றுவிட்டால் அது இன்னும் மோசம் இல்லையா? பாவாயி கம்பியை வாங்கிக்கொண்டாள். நானும் அவளும் சேர்ந்து சுற்றினோம். நீ சுற்றினதுபோல் நேராக வரவில்லை, அதைப் பெரிதுபடுத்தாதே. கேட்கும் பெட்டியோடு பிணைத்ததும் காதுக்கருவியை எடுத்து அவரிடம் நீட்டினாள். “நீங்களே காதுல வெச்சுட்டுத் திருப்புங்க” என்றாள்.

கிழக்கே இடித்துக்கொண்டிருந்தது. காதில் படபடவென்று கேட்டிருக்க வேண்டும், முகத்தைச் சுளித்தார். சட்டத்தை மெல்லத் திருப்பினார். அதன் முகம் கிழக்கைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. “அடங்கிருச்சு! நின்னுருச்சு அம்மிணி!” என்று கத்திக்கொண்டே காதுக்கருவியைக் கழற்றினார். கூரை மேல் மழை அப்படியே அடித்துக்கொண்டிருந்தது. வாசலைப் பார்த்தார், மறுபடி மாட்டினார், மறுபடி கழற்றினார்.

“அப்ப அவரு மழையக் கட்டலயா?”

“இல்லீங்க. சத்தம் கேக்காம காதத்தான் கட்டிக்கிட்டாருங்க.”

பெரியவர் திரும்பவும் மாட்டிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் தலையைச் சாய்த்தார். “உள்ள யாரோ தட்டறாங்க” என்றார்.

“அவரோட சிநேகிதருங்க. அவரு பேரச் சொல்லிக் கூப்பிடறாரு. வாரா வாரம் கூப்பிடுவாருங்க.”

“செத்துப்போனது தெரியாதா?”

“தெரியுமுங்க.”

அவர் காதுக்கருவியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு கடைசி வரை கேட்டார். கழற்றும்போது கண் கலங்கியிருந்தது. “இதையா உன்னய அவுக்க வெச்சோம்” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “ஏனுங்க, அவரு பாட்டுக்குக் கூப்பிட்டுட்டே இருக்காரு. இங்கிருந்து ஒரு பதில் சொல்ல ஆளில்லீங்களா?” என்று கேட்டார்.

மழை இன்னும் நிற்கவில்லை மாப்பிள்ளை. சாமையில் பாதி போய்விட்டது. பெரியவர் சொல்லியும் ஊரில் சிலர் உன் வீட்டை இன்னும் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்கள். எனக்கு அந்தப் பயம் போகவில்லை. ஆனால் அவர் கேட்டதுதான் காதிலேயே நிற்கிறது.

நாளைக்குச் சேலம் போகிறேன். உன் தட்டும் பெட்டியைத் திரும்பக் கேட்கப் போகிறேன். இந்த வயதில் தந்தி எழுத்துப் படித்து லைசென்ஸ் வாங்க எத்தனை நாளாகுமோ, என் முரட்டு விரலைப் பார்த்து நீ எப்படியெல்லாம் கேலி செய்வாயோ தெரியாது. உன் பெயரில் நான் தட்ட முடியாது, என் பெயரில்தான் தட்டுவேன். ஒரு வெள்ளிக்கிழமை அவர் உன்னைக் கூப்பிடும்போது, ‘அவன் இல்லைங்க, அவன் மச்சான் இருக்கேன்’ என்று இந்த மலையிலிருந்து பதில் போகும். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

தங்கையையும் கொடுத்து, இப்போது காதையும் கொடுக்கும்
உன் மச்சான்