பிஷ்கெக்கில் தைத்த இஸ்தான்புல் உடை

பிஷ்கெக்,
நவம்பர் 9

அன்புத் தங்கை மைராமுக்கு,

நீயும் பிள்ளைகளும் நலம்தானே? போனில் சொன்னால் சிரித்தே மழுப்பிவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

நான் தைத்து அனுப்பும் உடைகளில் துருக்கி லேபிள் வைக்கச் சொன்னாய். சந்தையில் எல்லாரும் செய்வதுதானே என்று வைத்தேன். இப்போது உன் இணையக் கடையில் நம் கம்பளி உடைக்குக் கீழே ‘எங்கள் இஸ்தான்புல் தையல்கூடத்தில் உருவானது’ என்று போட்டிருக்கிறாய். நான் உட்கார்ந்திருக்கும் அறைக்கே ஊர் மாறிவிட்டது. வாங்கிய ஒருத்தி, ‘துருக்கித் தையல் பார்த்தாலே தெரிகிறது, கிர்கிஸ் துணி மாதிரி இல்லை’ என்று வேறு எழுதியிருக்கிறாள்.

நேற்று மின்சாரம் நின்றதும் உல்கான் தையல் இயந்திரத்தை விட்டு எழுந்து, “எஜே, நம்ம இஸ்தான்புல்லுல இன்னிக்கும் கரண்ட் போயிருச்சு” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த ஒரு வரியை மாற்றிவிடு. பிஷ்கெக் என்று போடு.

உன் அக்கா,
சைரா

நோவோசிபிர்ஸ்க்,
நவம்பர் 17

அன்பு சைரா எஜே,

நலம். பனிதான் விடவில்லை.

போன வசந்தத்தில் அதே உடையை நம் ஊர்ப் பெயரோடு போட்டுப் பார்த்தேன். சீந்த ஆளில்லை. ஒருத்தி மட்டும் பாதி விலைக்குக் கேட்டாள். துருக்கி என்று மாற்றியதும் விற்றுத் தீர்ந்தது. உங்களைச் சிறுமைப்படுத்தவா செய்தேன்? உல்கான் வீட்டில் அடுப்பு எரிவதே அந்த வரியால்தான். இப்போது தைக்கும் கோட்டுகளுக்கும் அதே துருக்கி லேபிளே இருக்கட்டும்.

உங்கள்
மைராம்

நோவோசிபிர்ஸ்க்,
டிசம்பர் 3

சைரா எஜே,

என்ன காரியம் செய்தீர்கள்? ஓம்ஸ்க் நகரத்துப் பெண் ஒருத்தி, உடை குட்டையாக இருக்கிறது, நீட்ட முடியுமா என்று என் இணையக் கடைப் பக்கத்தில் கேட்டிருந்தாள். இஸ்தான்புல்லில் விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். அதற்குக் கீழே நீங்கள் எழுதியிருக்கிறீர்கள்: ‘உள்ளே மூன்று விரல் துணி மடித்து வைத்திருக்கிறேன். தையலைப் பிரித்தால் நீளும். சைரா, பிஷ்கெக்.’

இப்போது எல்லாரும் என்னைப் பொய்க்காரி என்கிறார்கள். என்மேல் புகாரும் போயிருக்கிறது. இன்றைக்கே அதை அழியுங்கள். இல்லையென்றால் நான் வேறு தையல்கூடம்தான் பார்க்க வேண்டும்.

மைராம்

பிஷ்கெக்,
டிசம்பர் 10

அன்பு மைராம்,

உன்னைக் காட்டிக்கொடுக்க எழுதவில்லை. அந்த ஓம்ஸ்க் பெண் பதிலுக்குக் காத்துக்கொண்டே இருந்தாள். இஸ்தான்புல்லில் அவளுக்குப் பதில் சொல்ல யார் இருக்கிறார்கள்? துணியை மடித்து வைத்தவள் நான்.

உன் கடிதம் கண்டதும் அழிக்கத்தான் போனேன். நீ கோபமாக இருந்தால் எனக்கு ரொட்டி இறங்காது. ஆனால் அதற்குக் கீழே அவள், ‘பிரித்துப் பார்த்தேன், துணி இருந்தது. உங்கள் கை நன்றாக இருக்கட்டும். கோட்டும் தைப்பீர்களா?’ என்று கேட்டிருந்தாள். உல்கான் எட்டிப் பார்த்துவிட்டு, “சட்டுனு பதில் போடுங்க எஜே, இஸ்தான்புல்காரி முந்திக்கப் போறா” என்றாள்.

அளவு கேட்டு எழுதிவிட்டேன். எதையும் அழிக்கவில்லை.

உன் கோட்டுகள் தயார். லேபிள் வைக்காமல் அனுப்புகிறேன். எங்கே தைத்தது என்று யார் கேட்டாலும் சொல்வேன். உன் கடைக்கு அது தாங்குமென்றால் அடுத்த ஆர்டரை அனுப்பு. தாங்காதென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்.

எது எப்படியானாலும், கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளை இங்கே அனுப்பாமல் இருந்துவிடாதே.

சைரா