சிவப்புப் பொட்டு வைத்த ஷூக்கள்

ஆகஸ்ட் 18

என் பொல்லாத நாத்தனாருக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் அண்ணனுக்கு முதுகு வலி. கேட்டால் இல்லை என்பார். எழுந்திருக்கும்போது தெருவுக்கே கேட்கும்படி முனகுவார். நீ ஊர் மாறிப் போன இரண்டு மாதத்தில் ஒரே ஒரு கடிதம், அதிலும் பாதி நீ என்னிடம் விட்டுப்போன ஷூ அலமாரியைப் பற்றித்தான்.

அலமாரிக்கு ஒரு குறையும் இல்லை. பிள்ளைகளுக்குச் சிறிதாகிப்போன பள்ளிக்கூட ஷூக்களை அக்கம்பக்கத்தார் இன்னும் கொண்டுவந்து தருகிறார்கள். நான் பிய்ந்த அடியை ஒட்டி, பாலிஷ் போட்டு அடுக்குகிறேன். வாங்க வசதி இல்லாதவர்கள் சனிக்கிழமை வந்து எடுத்துப் போகிறார்கள். அந்தத் துடைப்பம் விற்கிறவள்தான் எனக்கு உறுத்துகிறாள். வாராவாரம் ஐந்து ஜோடி, ஐந்தும் வேறு வேறு சைஸ். யாருக்கு என்றால், "பிள்ளைங்களுக்குங்க" என்கிறாள். அத்தனையும் அவள் பெற்றதென்றால் அவளுக்கென்றே ஒரு பள்ளிக்கூடம் திறக்கலாம்! விற்கிறாள் என்றுதான் நினைக்கிறேன். ஒவ்வொரு ஷூவின் நாக்குக்கு அடியிலும் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்துவிட்டேன். எங்கே போய்ச் சேருகிறதென்று பார்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
அண்ணி

*

ஆகஸ்ட் 23

அன்புள்ள அண்ணி,

அண்ணனுக்கு ஒத்தடம் கொடுங்கள். இங்கே தண்ணீர் வருகிற நேரமே எனக்கு இன்னும் பிடிபடவில்லை, அதனால்தான் எழுதவில்லை. கோபிக்காதீர்கள்.

அந்த அம்மா கேட்பதைக் கொடுத்துவிடுங்கள். எதுவும் விசாரிக்க வேண்டாம். அடுத்த மாதம் எட்டாம் தேதி பள்ளிக்கூடம் திறக்கிறது. ஷூ இல்லாத பிள்ளையை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். பொட்டு வைப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

உங்கள்,
நாத்தனார்

*

ஆகஸ்ட் 31

நாத்தனாருக்கு,

நீ கெஞ்சினாய் பார், அப்போதுதான் எனக்குச் சந்தேகம் முற்றியது. கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன்! பஸ் நிறுத்தத்தில் ஒருவனிடம் என் பொட்டு வைத்த ஷூவைக் கொடுத்தாள். அவன் பதிலுக்கு ஒரு காகிதப் பொட்டலம் கொடுத்தான். பத்துப் பேர் நடுவில், "என்ன விலைக்கு விக்கிற?" என்று கேட்டேன்.

அவள் அவனிடமிருந்து ஷூவை வாங்கி, பையில் இருந்த மற்ற நான்கு ஜோடியையும் எடுத்து என் காலடியில் வைத்தாள். போகும்போது, "உங்க நாத்தனாரையே கேளுங்க" என்றாள்.

கேட்கிறேன். எனக்குத் தெரியாமல் உனக்கும் அவளுக்கும் என்ன?

அண்ணி

*

செப்டம்பர் 4

அன்புள்ள அண்ணி,

கிடங்குக்குப் பின்னால் தகரக் குடியிருப்பு இருக்கிறதே, மூட்டை தூக்குகிறவர்கள் இருக்கும் இடம், அங்கே கொடுக்கத்தான் அந்தத் துடைப்பக்கார அம்மா எடுத்துப் போனார். அந்தப் பொட்டலத்தில் இருந்தது காசில்லை. போன வருஷம் வாங்கி, இப்போது சிறிதாகிப்போன ஷூவாக இருக்கும். அதை நம் அலமாரியில்தான் திரும்ப வைப்பார்.

அவர்களே ஏன் வரவில்லை என்பீர்கள். ஒரு தடவை ஒருவர் மகளுக்காக வந்தார். நீங்கள் மாடிப்படியில் நின்று, "வேலைக்குப் போற ஆம்பள, ஒரு ஷூ வாங்க வக்கில்லையா?" என்றீர்கள். விளையாட்டாகச் சொன்னதாகத்தான் உங்களுக்கு நினைவிருக்கும். அவர் எடுத்த ஷூவை வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அங்கிருந்து ஒருவரும் நம் வீட்டுப் படி ஏறவில்லை.

உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று அந்த அம்மாவிடம் சொன்னதும் நான்தான். நீங்கள் அலமாரியைப் பூட்டினால் எனக்குத் தகவல் அனுப்பவும் சொல்லியிருந்தேன். உங்களை வேவு பார்க்க ஆள் வைத்தேன், அண்ணி. அது தப்புதான்.

நாத்தனார்

*

செப்டம்பர் 11

நாத்தனாருக்கு,

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. போன சனிக்கிழமை அவளும் வரவில்லை, மற்றவர்களும் வரவில்லை. ஒரு ஜோடிகூடக் குறையாமல் அலமாரி அப்படியே இருக்கிறது.

நேற்று நானே ஷூக்களைத் தூக்கிக்கொண்டு அந்தக் குடியிருப்புக்குப் போனேன். பள்ளிக்கூட நேரம், காலை பத்து மணிக்குக் குழாயடியில் ஒன்பது பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஒருத்தி என்னை மேலும் கீழும் பார்த்து, "யாரு அனுப்பினாங்க? இதுக்கு எங்ககிட்ட என்ன எழுதி வாங்குவீங்க?" என்றாள். ஒன்றும் வேண்டாம் என்றேன். நம்பவில்லை. ஒருவரும் தொடவில்லை.

அங்கிருந்து துடைப்பக்கார அம்மாவின் வீட்டுக்கு வழி கேட்டுப் போய், மன்னிப்புக் கேட்டேன். "நான் கொடுத்தா வாங்குவாங்கக்கா. ஆனா நாளைக்கு நீங்க போலீஸோட வந்து நின்னா?" என்றார். அலமாரியையே உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். "சரிக்கா. ஆனா கொடுக்கிற நாள்ல நீங்க இந்தப் பக்கம் வரக்கூடாது" என்றார். சம்மதித்தேன். இன்று காலை உன் அண்ணன், முதுகு வலியையும் மறந்து, ஆள் வைத்து அலமாரியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்தார். திங்கட்கிழமை பிள்ளைகள் ஷூ போட்டுப் பள்ளிக்கூடம் போய்விடுவார்கள்.

நீ ஆள் வைத்துப் பார்த்தது எனக்கு ஆறவில்லை. விடுமுறைக்கு வா, நேரிலேயே சண்டை போடலாம்.

ஷூக்கள் இன்னும் என்னிடம்தான் வருகின்றன. இப்போதும் ஒன்றுக்கு அடி ஒட்டிக்கொண்டிருக்கிறேன். மிகச் சின்ன சைஸ். யாருக்குப் போகும் என்று எனக்கு யாரும் சொல்லப்போவதில்லை.

அண்ணி