மருதமரத்தில் இரண்டு கொப்பு

1963 மார்ச் 3, ஞாயிறு. பாலையூற்று

காலையில் மப்பு, பிறகு வெயில். மழைக்குறி இல்லை. சாமான் கட்டி முடிந்தது.

நாளை உண்மையாகவே போகிறோம். மன்னம்பிட்டிப் பாலத்தடியில் இறங்கி மகாவலியோடு கொட்டியாரக் குடா வரை. மூன்று கிழவர்கள், துடுப்புப் போடும் ஒல்லித் தோணி, கனூ, இரண்டு. பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பித்த காலமெல்லாம் இந்த ஆற்றைக் கரும்பலகையில் வரைந்தவன் நான். கடல் கிட்டும்போது இரண்டாகப் பிரியும்: இடது கிளை கொட்டியாரத்துக்கு, வலது கிளை வெருகலுக்கு. கண்ணால் கண்டதில்லை.

கனூ இரண்டும் சிவத்தின் வேலை. என் மனைவி பார்வதியின் தம்பி. கப்பல் பழுதுபார்க்கும் டொக்யாட்டில் ஸ்டோர்கீப்பராக இருந்து ஓய்ந்தவன். வெள்ளைக்காரன் துறைமுகத்தை விட்டுப் போனபோது ஏலத்தில் எடுத்தான். அன்றுமுதல் வீட்டில் இதே கதை. மூன்றாவது ஆள் காசிம் நானா, கிண்ணியாவில் இரும்புக்கடை. கடலில் பழகியவர். ஆற்றில் அவரும் புதிது.

டின் பெட்டி (என் பொறுப்பு): நெருப்புப்பெட்டிகள், மெழுகு பூசியவை. காய்ச்சல் குளிசை. அயடின், பஞ்சு. சிவத்தின் தொய்வுக் குளிசை, மூச்சிழுப்புக்கு. ஊசி நூல். நான் பிரதி செய்த ஆற்று வரைபடம்.

சாக்கு (சிவம்): அரிசி, பருப்பு, கருவாடு, தேங்காய், சீனி, சட்டிபானை.

பார்வதி குளிசைப் போத்தலை என் கையில்தான் தந்தாள். "இஞ்சாருங்கோ, அவனிட்டக் குடுக்காதேங்கோ. துலைச்சுப்போடுவான். பொழுதுபட ஒண்டு நீங்களே குடுங்கோ." பிறகு, "ஆளைக் கூட்டிக்கொண்டு போறியள். ஆளோட வாங்கோ."

சிவம் வாசலில் நின்று, "அக்கா, நான் என்ன சந்தைக்குப் போற ஆட்டுக்குட்டியோ?"

போகாமல் விட ஒரு காரணம் தேடினேன். அகப்படவில்லை.

மார்ச் 5, செவ்வாய். ஆற்றங்கரை

நேற்று ரயில். கனூ இரண்டும் சாமான் பெட்டியில். ஸ்டேசன் மாஸ்டர் சிரித்தார்.

இன்று இறங்கினோம். முன் கனூவில் காசிம் நானாவும் நானும், பின்னால் சிவம் தனியே சாக்கோடு. தண்ணீர் மண்ணிறம், ஆழம் மட்டு. முதல் வளைவிலேயே துடுப்பைத் தவறவிட்டேன். காசிம் நானா எட்டிப் பிடித்தார்.

இறங்குமுன் சிவம் ஒரு கொப்பு முறித்து, இரண்டாய் மடித்து, கொடியால் சுற்றி மரத்தில் தொங்கவிட்டான். காட்டுக்குள் போகிறவர்களின் வழக்கம், காவல் கேட்டுப் பிள்ளையாருக்குக் கட்டுவது. இவன் ஒருமுறையோடு விடவில்லை. மத்தியானம் கரையேறிய இடத்தில் ஒன்று, தேநீருக்கு நின்ற இடத்தில் இன்னொன்று.

"இப்பிடி முறிச்சீங்கண்டா உங்கட பிள்ளையாருக்குக் காடு மிஞ்சாது" என்றார் காசிம் நானா.

"அவருக்குக் கொப்பு. உங்களுக்கு விறகு. வழக்கு முடிஞ்சுது, நானா."

நான் கட்டவில்லை. இத்தனை வயதில் புதிதாய்த் தொடங்கக் கூச்சம்.

முதலை நான்கு, அல்லது மூன்றும் ஒரு கட்டையும்.

மார்ச் 6, புதன்

வெயில். தோள் நோ. கரையெல்லாம் வில்லுகள், புல்லும் நீருமாகக் கண்ணுக்கு எட்டியவரை. மரைக் கூட்டம் ஒன்று தலைதூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தது. எங்களால் யாருக்கும் பயமில்லை. காலையிலிருந்து மனிதக் குரல் எங்கள் மூன்றும்தான். ஒருகணம் சந்தோசம் போல ஒன்று. எழுதி வைக்கிறேன்.

பொழுதுபட்டது. குளிசை கொடுத்தேன். சிவம் தூங்கிவிட்டான்.

மார்ச் 7, வியாழன். மணல்திட்டு

ஒழுங்காக எழுத ஏலாது. சிவத்தைக் காணோம்.

நடந்தது இது. மத்தியானம் கிளை பிரியும் இடம் வந்தது. வலது கிளை அகலம், நீரெல்லாம் அதற்குள். எங்கள் இடது கிளை மணல்மேட்டுக்குப் பின்னால் ஒரு வாய்க்கால் மாதிரி. தெரியாதவன் வலதில்தான் போவான். சிவம் தூண்டில் போட்டுக்கொண்டு வளைவுக்கு அப்பால் பின்தங்கியிருந்தான். நின்று காத்திருக்க இடமில்லை. எதிர்க்கரையில் ஐந்தாறு யானைகள் நீருக்குள்.

"பெரியவங்க குளிக்கிறாங்க. இதில நிக்கக் கூடா, மாஸ்டர்" என்றார் காசிம் நானா. காட்டுக்குள் யானையை யானை என்று சொல்லமாட்டார்.

இடது கரையில் சரிந்து நின்ற மருதமரத்தில் ஒரு கொப்பு முறித்துத் தொங்கவிட்டேன். இந்தப் பக்கம் வா என்று அடையாளம்.

"அவருக்கு விளங்குமா?" என்றார் காசிம் நானா.

"விளங்காமல் என்ன?"

நான்தான் சொன்னேன்.

கீழே இந்தத் திட்டில் ஏறிக் காத்திருந்தோம். வரவில்லை. கூப்பிட்டோம். திரும்பிப் போகலாம் என்றேன். பொழுது சரிகிறது, யானைகள் இன்னும் அங்கேதான், விடியட்டும் என்றார். சரியான பேச்சு. ஆனாலும்.

நெருப்பு எங்களிடம், அரிசி அவனிடம். டின் பெட்டி மூடியில் வெந்நீர் வைத்துக் குடித்தோம். அவனுடைய குளிசைப் போத்தல் என் டின் பெட்டியில். பொழுதுபட ஒண்டு.

மார்ச் 8, வெள்ளி

விடிந்ததும் கனூவைக் கயிற்றால் இழுத்துக்கொண்டு கரையோரமாக மேலே நடந்தோம். முழங்கால் நீர், முள். காசிம் நானா முன்னால், வாய் முணுமுணுத்தபடி. நானும் ஏதோ முணுமுணுத்தேன். யானைகள் போய்விட்டன. கவிழ்ந்த கனூவைத் தேடியே கண் போகிறது. ஒவ்வொரு கட்டையும் கனூ.

மருதமரம். என் கொப்பு வாடித் தொங்குகிறது. பக்கத்தில் இன்னொரு கொப்பு. இரண்டாய் மடித்து, கொடியால் சுற்றி.

முதலில் விளங்கியது ஒன்றுதான்: அவன் இங்கே வந்திருக்கிறான். உயிரோடு, கை வேலை செய்ய, மரத்தடியில் நின்று கட்டியிருக்கிறான். அந்த ஈரமண்ணிலேயே குந்திவிட்டேன்.

மற்றது காசிம் நானாவுக்குத்தான் முதலில் விளங்கியது. சிரிக்கத் தொடங்கி இருமல் வந்துவிட்டது. "மாஸ்டர், நீங்க வழி காட்டினீங்க. அவர் கும்பிட்டுட்டுப் போயிட்டார்."

ஆம். மரத்தில் தொங்கும் கொப்பு அவனுக்கு வேறு எதுவாக இருக்கும்? மூன்று நாளாக அவன் கட்டியதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். ஒரு துணி கட்டத் தோன்றவில்லை. சால்வை கழுத்தில்தான் கிடந்தது.

வலது கிளையில் இறங்கினோம். நீர் தானே கொண்டுபோனது. பின்னேரம் ஒரு திட்டில் உடைத்த தேங்காய்ச் சிரட்டை, பெரிய பாதங்கள். சிவத்தினுடையவைதான், அந்த அகலம் வேறு யாருக்கும் இல்லை. ஆனால் நேற்றைய சுவடு. இழுப்பு வந்தால் மூச்சுக்காக முன்னால் குனிந்து உட்காருவான். அது கண்ணுக்குள் நிற்கிறது. பார்வதிக்கு என்ன சொல்வது என்று வசனம் அமைத்துப் பார்த்தேன். எதுவும் முடியவில்லை.

காசிம் நானா தூண்டிலில் ஒரு மீன் பிடித்துச் சுட்டுத் தந்தார். சாப்பிட்டேன். வெட்கமாக இருந்தது.

மார்ச் 9, சனி. வெருகல்

கிடைத்துவிட்டான்.

மத்தியானத்துக்கு முன் வெருகல் துறை தெரிந்தது. ஆட்களையும் வண்டிகளையும் அக்கரைக்குக் கொண்டுபோகும் மிதவை (இங்கே பாதை என்பார்கள்), கயிறு, கரையில் லொறி ஒன்று. பாதைக்காரர்கள் நடுவில், தலையில் துவாயோடு, வாழையிலையில் சோறு தின்றுகொண்டு சிவம். எங்களைக் கண்டதும் கையை உதறிக்கொண்டு எழும்பி, "அத்தான்! கடவுளே! எங்கையப்பா வழிமாறிப் போனனீங்கள்?"

டின் பெட்டியைத் திறந்து குளிசையை நீட்டினேன். அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு வாங்கி விழுங்கினான்.

"தொய்வு?" என்றேன்.

"வரேல்லை. உங்கட குறட்டை இல்லாமல் நல்ல நித்திரை."

"என்னத்தச் சாப்பிட்டீங்க, நெருப்பும் இல்லாம?" காசிம் நானா.

"அரிசியைத் தண்ணியில ஊறவைச்சு, தேங்காயும் சீனியும். கலியாண வீட்டுப் பலகாரம் தோத்துப்போகும்." பிறகு என்னிடம், "அத்தான், அந்த மருதமரத்தடி விசேசமான இடம் போல கிடக்கு. ஆரோ பிள்ளையாருக்குக் கட்டியிருந்தினம். நானும் ஒண்டு முறிச்சுப் போட்டுட்டுத்தான் வந்தனான்."

காசிம் நானா ஆற்றைப் பார்த்துத் திரும்பி நின்றார். முதுகு குலுங்கியது. அந்தக் கொப்பு நான் வழிகாட்டக் கட்டியது என்று சொன்னேன். சிவம் தலைத் துவாயை அவிழ்த்தான். "அப்ப நான் உங்களையோ கும்பிட்டனான்?"

நேற்றே வந்து சேர்ந்தவன், வழி தவறியவர்கள் நாங்கள்தான் என்று துறையிலேயே குந்தியிருக்கிறான். வெருகல் முருகனுக்கு நேர்த்தியும் வைத்தாயிற்று: இரண்டு பேரும் உயிரோடு வந்தால் மொட்டை.

"நல்லது. அடி மொட்டை" என்றேன்.

"எனக்கில்லை, அத்தான். உங்கட பேரில வைச்சது. காப்பாற்றப்பட்டது நீங்களெல்லோ. நானாவின்ர பேரில வைக்கேலாது, அவர் கோவிப்பார்."

மார்ச் 11, திங்கள். பாலையூற்று

நேற்றுக் காலை கோயிலடியில் மொட்டை. எதிர்த்துப் பேச மனம் வரவில்லை. பிறகு நெல் லொறியில் மூதூர், கனூ இரண்டும் மூட்டைகளின் மேல். இன்று குடாவைக் கடக்கும் மோட்டார் லோஞ்சில் வீடு. காசிம் நானா இறங்குதுறையில் பிரியும்போது, "கொட்டியாரத்து ஆத்துவாயைக் காணலியே, மாஸ்டர். அது அங்கதான் இரிக்கி" என்றார்.

பார்வதி வாசல் படலையடியில் முதலில் தம்பியைப் பார்த்தாள், மேலிருந்து கீழாக. பிறகு என்னை. "ஆளோட வந்திட்டியள்" என்றாள். அதன் பிறகுதான், "தலைமயிர் எங்கை?"

முழுவதும் சொன்னேன். சிரிக்கவில்லை. குசினிக்குள் போனாள். அங்கே சிரித்தது கேட்டது.

மொட்டையில் காற்றுப் படுவது சுகம்.

பின்னேரம் டின் பெட்டியைக் காயவைத்தேன். நெருப்புப்பெட்டியில் பாதி, குளிசையில் பாதி பிரித்து வைத்தேன். இன்னொரு டின் இருக்குமோ என்று பார்வதியிடம் கேட்டேன். பழைய பிஸ்கட் டின்னைக் கழுவித் துடைத்துத் தந்தாள். அதன் மூடியில் 'சிவம்' என்று எழுதினேன்.