பக்கத்துப் பாதையில் யாருமில்லை

அன்புள்ள வெர்லின்,

லொரேன் சொல்லி எழுதுகிறேன் என்று நினைக்காதே. என் மனைவிக்கு இதில் ஒன்றும் தெரியாது. நான் ஜெயித்த கோப்பையைத் துடைத்து ஃப்ரிட்ஜ் மேல் வைத்திருக்கிறாள். நான் அந்தப் பக்கமே பார்ப்பதில்லை.

ஞாயிறு மதியம், நாம் இருவரும் மோதும் கார் பந்தய இறுதிப் போட்டிக்கு அரை மணி இருக்கையில், உன் காரின் பெட்ரோல் பம்ப் செத்துப்போனது. "டேய், ஸ்பேர் பம்ப் இருக்கா?" என்று ஓடி வந்தாய். எதிராளிக்கு வேண்டிய பாகத்தைக்கூடக் கொடுத்து உதவுவதுதான் நம் வழக்கம். போன வருஷம் உன் ஸ்பேர் கார்புரேட்டரை எனக்குக் கொடுத்துவிட்டு என்னிடமே தோற்றாய். "நின்ன வண்டிய ஜெயிச்சு என்னடா பண்றது?" என்று சிரித்தாய்.

"இல்லடா, வீட்லயே விட்டுட்டேன்" என்றேன்.

உன் வண்டி கிளம்பவில்லை; பந்தயத்தின் கால் மைலை நான் தனியாக ஓட்டினேன். நான் ஜெயித்ததாக அறிவித்தார்கள். முதலில் கைதட்டியது நீதான்.

பிறகு என் காரை டிரெய்லரில் ஏற்றவும் நீயே வந்து தள்ளினாய். கையைத் துடைத்துக்கொண்டே, "உன் டூல் பாக்ஸ் திறந்து கிடந்துச்சு. மழை வர்ற மாதிரி இருக்கா, பம்ப் நனைஞ்சிடும்னு மூடிட்டேன்" என்றாய்.

டோலிடோவில் வீடு வந்து சேரும் வரைக்கும் ரேடியோவைக்கூடப் போடவில்லை.

திட்டியிருக்கலாமேடா.

இப்படிக்கு,
நின்ற வண்டியை ஜெயித்தவன்